வெளிப்புற சீனியர் உருவப்படம்

சீனியர் உருவப்படம் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உயர்நிலைப் பள்ளியின் இறுதி ஆண்டில் படிக்கும் மாணவர், பள்ளிப் படிப்பு நிறைவடைவதை ஒட்டி எடுத்துக்கொள்ளும் ஒளிப்படமாகும். 'சீனியர்' என்னும் சொல் இங்கு முதியவரைக் குறிப்பதில்லை. 12ஆம் வகுப்பு மாணவரைக் குறிக்கிறது. இப்படம் ஸ்டுடியோவுக்கு வெளியே பூங்கா, ஆற்றங்கரை, நகரத் தெரு, வயல்வெளி, விளையாட்டுத் திடல் போன்ற இடங்களில் எடுக்கப்படும்போது வெளிப்புற சீனியர் உருவப்படம் எனப்படுகிறது.

இப்படத்தில் இருப்பவர் தொழில்முறை மாடல் அல்லர். கேமராவின் முன் நின்று பழகாத 17 வயதுப் பிள்ளை. பல் கம்பி, முகப்பரு, வேகமாக வளர்ந்த உயரம், தன் தோற்றத்தைப் பற்றிய கூச்சம் ஆகியவை அந்த வயதுக்கு இயல்பானவை. ஆகவே அவரை அவராகவே, அதே வேளையில் நன்றாகத் தோன்றும்படி காட்டுவதே இவ்வகைப் படத்தின் நோக்கமாகும். இது காட்சியின் அழகைவிட, முகத்தில் விழும் ஒளி, கேமராவுக்கும் முகத்துக்கும் இடையிலான தூரம், உடல் எடை எந்தக் காலில் தாங்கப்படுகிறது ஆகிய மூன்றையே பெரிதும் சார்ந்துள்ளது.

பின்னணி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி பொதுவாக 9 முதல் 12 வரையிலான நான்கு வகுப்புகளைக் கொண்டது. இவ்வகுப்புகளின் மாணவர்கள் முறையே ஃபிரெஷ்மன், சோஃபமோர், ஜூனியர், சீனியர் என்று அழைக்கப்படுகின்றனர். மற்ற ஆண்டுகளில் பள்ளியிலேயே சில நிமிடங்களில் எடுக்கப்படும் படம் போதுமானது. இறுதி ஆண்டில் மட்டும் தனியாக நேரம் ஒதுக்கி, இரண்டு மூன்று உடைகள் மாற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் படம் எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம்.

இப்படங்கள் பள்ளியின் ஆண்டு நினைவு மலரான இயர்புக்கிலும், பட்டமளிப்பு விழா அழைப்பிதழிலும் இடம்பெறுகின்றன, உறவினர்களுக்கும் அனுப்பப்படுகின்றன. வீட்டுச் சுவரில் பல ஆண்டுகள் தொங்கப்போவதும் பெரும்பாலும் இந்தப் படமே. பிள்ளை கல்லூரிக்காகவோ வேலைக்காகவோ வீட்டைவிட்டுச் செல்வதற்கு முன் எடுக்கப்படுவதால் பெற்றோருக்கு இதன் மதிப்பு அதிகம்.

பல பள்ளிகளில் இயர்புக்குக்கான படங்களை இலையுதிர்காலத்துக்குள் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், இறுதி ஆண்டு தொடங்குவதற்கு முந்தைய கோடை விடுமுறையிலிருந்தே படம் எடுக்கும் பருவம் தொடங்கிவிடுகிறது.

வரலாறு

புகைப்படக்கலை தோன்றுவதற்கு முன்பே வகுப்புத் தோழர்களின் உருவங்களைத் தொகுத்து வைக்கும் பழக்கம் அமெரிக்கக் கல்லூரிகளில் இருந்தது. யேல் கல்லூரியின் 1806ஆம் ஆண்டு மாணவர் சிலரின் நிழலுருவங்களைக் கொண்ட தொகுப்பு, இயர்புக்கின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

1839இல் அறிமுகமான டாகுரோடைப் முறையில் ஒரு முறைக்கு ஒரு படம் மட்டுமே கிடைத்தது. அதற்கு நகல் எடுக்க முடியாது. 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடி நெகட்டிவ் உருவானது. ஒரே நெகட்டிவிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் அச்சிட முடிந்ததால், மாணவர்கள் தங்கள் படங்களை ஒருவருக்கொருவர் கொடுத்துப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் வளர்ந்தது. மாசசூசெட்ஸ் மாநில ஒளிப்படக்கலைஞர் ஜார்ஜ் கெண்டல் வாரன் (1834–1884) ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட கல்லூரிகளின் மாணவர்களைப் படமெடுத்தவர். அம்மாணவர்கள் வாங்கிய படங்கள் ஆல்பங்களாகக் கட்டப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாஃப்டோன் அச்சுமுறை பரவியபோது படங்களைப் புத்தகத்தில் மலிவாக அச்சிட முடிந்தது. பின்னர் இயர்புக் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பரவியது.

நீண்ட காலம் சீனியர் உருவப்படம் என்றாலே ஸ்டுடியோவின் ஒற்றை நிறத் திரைக்கு முன் எடுத்த மார்பளவுப் படம்தான். மாணவிகள் தோளில் கறுப்புத் துணி போர்த்தியும், மாணவர்கள் டக்ஸிடோ கோட் அணிந்தும் எடுத்துக்கொள்ளும் முறை இன்றும் பல பள்ளிகளில் உள்ளது. ஒருவரை அவர் வாழும், பணிபுரியும் சூழலோடு சேர்த்துக் காட்டும் 'சூழல் உருவப்படம்' 20ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றது. இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியைப் பெரிய பியானோவின் மூடியோடு சேர்த்து ஆர்னால்டு நியூமன் 1946இல் எடுத்த படம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாகும். இடமும் ஆளைப் பற்றிப் பேச வேண்டும் என்னும் இந்த எண்ணமே வெளிப்புற சீனியர் உருவப்படத்துக்கும் அடிப்படை.

இயர்புக் படமும் வெளிப்புறப் படமும்

இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் சிக்கல்கள் எழுவதுண்டு. பல பள்ளிகள் இயர்புக் படத்துக்கு விதிகள் வைத்துள்ளன. படம் நெடுக்கு வாக்கில் இருக்க வேண்டும், தலையும் தோளும் மட்டும் தெரிய வேண்டும், பின்னணி குறிப்பிட்ட நிறத்தில் இருக்க வேண்டும், தொப்பியோ கையில் பொருளோ கூடாது என்பன போன்றவை அவ்விதிகள். சில பள்ளிகள் தாங்கள் ஒப்பந்தம் செய்த ஸ்டுடியோ எடுத்த படத்தை மட்டுமே ஏற்கின்றன.

எனவே வெளிப்புறப் படத்துக்கு நாள் குறிக்கும் முன் பள்ளியின் விதிகளையும் கடைசி நாளையும் கேட்டறிவது முதல் வேலையாகும். வெளிப்புறப் படம் ஏற்கப்படும் பள்ளியாக இருந்தால், அன்றைய படப்பிடிப்பில் எளிய பின்னணியுடன் நெடுக்கு வாக்கில் மார்பளவுப் படங்கள் சிலவற்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒளியே முதல் அளவுகோல்

கண்ணுக்கு அழகான இடம் எல்லாம் உருவப்படத்துக்கு ஏற்ற இடம் அல்ல. உச்சி வெயிலில் ஒரு மலர்த் தோட்டம் மிக அழகாக இருக்கும். அங்கு நிற்பவரின் முகத்தில் கண்குழிகள் இருண்டு, மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழும். அதே வேளையில், அருகிலுள்ள பழைய கட்டடத்தின் நிழற்பக்கம் சாதாரணமாகத் தோன்றினாலும் அங்கு முகம் தெளிவாகவும் மென்மையாகவும் தெரியும்.

இடத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கையை முகத்தின் உயரத்தில் நீட்டி, விரல்களைச் சற்று மடக்கி, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கையின் மேல் விழும் நிழல் எந்தத் திசையில் கடுமையாக இருக்கிறது, எந்தத் திசையில் மென்மையாகிறது என்பது தெரியும். மென்மையாகும் திசையை நோக்கியே முகம் இருக்க வேண்டும். அதற்கு எதிர்ப்புறம் இருப்பதே பின்னணியாகும்.

திறந்த நிழல்

மேலே வானம் திறந்திருக்க, நேரடி வெயில் மட்டும் மறைக்கப்பட்ட இடம் திறந்த நிழல் எனப்படுகிறது. அமெரிக்கா வட அரைக்கோளத்தில் இருப்பதால், உயரமான கட்டடத்தின் வடக்குப் பக்கத்தில் நாளின் பெரும்பகுதியும் இத்தகைய நிழல் கிடைக்கும். தாழ்வாரத்தின் விளிம்பு, பெரிய கதவின் வாயில், தோப்பின் ஓரம் ஆகியவையும் ஏற்றவை. நிழலின் உள்ளே ஆழமாகச் செல்லாமல், அதன் விளிம்புக்கு ஒன்றிரண்டு அடி உள்ளே நின்று வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் கண்ணில் ஒளிப்புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாத கண் படத்தில் உயிரற்றுத் தோன்றும்.

மரத்தடி நிழலில் ஓர் இடர் உள்ளது. இலைகளின் இடுக்கு வழியே வரும் வெயில் முகத்தில் திட்டுத்திட்டாக விழுந்தால் அதைப் பிறகு சரிசெய்வது கடினம். அடர்ந்த கிளைக்குக் கீழே நகர்வதோ, வெள்ளை டிஃப்யூசர் துணியைத் தலைக்கு மேல் பிடிப்பதோ இதற்குத் தீர்வு.

சுற்றியுள்ள பரப்புகளின் நிறமும் முகத்தில் படியும். புல்தரையில் அமர்ந்தவரின் மோவாய்க்குக் கீழே பச்சைச் சாயல் தெரிவது இதனால்தான். வெளிர்நிறச் சுவரும் வெளிர்நிறச் சிமெண்டுத் தரையும் நிறம் கலக்காமல் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன.

நேரம்

சூரியன் உதித்த பின்னும் மறையும் முன்னும் உள்ள சுமார் ஒரு மணி நேரம் 'கோல்டன் ஹவர்' எனப்படுகிறது. அப்போது சூரியன் தாழ்ந்திருப்பதால் ஒளி பக்கவாட்டில் வருகிறது. காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வருவதால் நீல நிறம் சிதறிப்போய் மஞ்சள் சாயல் மிகுகிறது. இந்த மஞ்சள் வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் தலைமுடியின் ஓரம் மின்னும். முகம் இருளாமல் இருக்க வெள்ளை ரிஃப்ளெக்டர் ஒன்றைக் கேமராவின் பக்கத்தில் பிடிப்பது வழக்கம்.

இந்த நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். சிகாகோ நகரில் ஜூன் மாத இறுதியில் சூரியன் மாலை 8.30 மணி அளவில் மறைகிறது. அக்டோபர் இறுதியில் 5.45 மணி அளவிலேயே மறைந்துவிடுகிறது. எனவே கோடையில் மாலை 7 மணிக்குத் தொடங்கிய படப்பிடிப்பை இலையுதிர்காலத்தில் அதே நேரத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. மலையோ உயர்ந்த கட்டடங்களோ மேற்கில் இருந்தால் வெயில் இன்னும் முன்பாகவே மறையும்.

மேகமூட்டமான நாள் வீணான நாள் அல்ல. வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காக மாறுவதால் நிழல்கள் மென்மையாகின்றன. ஆனால் ஒளி மேலிருந்தே வருவதால் மோவாயைச் சற்று உயர்த்தச் சொல்வதோ, கீழே ரிஃப்ளெக்டர் பிடிப்பதோ தேவைப்படும். வெளுத்த வானத்தைப் படத்திலிருந்து விலக்கிவிடுவது நல்லது.

பின்னணி

பின்னணி மங்கலாகத் தெரிய வேண்டுமானால், கேமராவின் துளையைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது. மாணவருக்கும் பின்னணிக்கும் இடையே தூரம் வேண்டும். புதரை ஒட்டி நிற்பவரின் பின்னால் ஒவ்வோர் இலையும் துல்லியமாகத் தெரிந்து கண்ணை இழுக்கும். அதே புதரிலிருந்து பத்து மீட்டர் முன்னே வந்து நின்றால் அது மென்மையான பச்சைத் திரையாக மாறும்.

தலைக்குப் பின்னால் கம்பமோ மரக்கிளையோ முளைத்தது போலத் தெரிவதும், அடிவானக் கோடு கழுத்தைக் குறுக்கே வெட்டுவதும் அடிக்கடி காணப்படும் குறைகள். கேமராவை ஓரடி இடமோ வலமோ, சற்று மேலோ கீழோ நகர்த்தினால் இவை நீங்கும். முகத்தைவிட வெளிச்சமான பொருள் பின்னணியில் இருந்தால் பார்வை முதலில் அங்கேயே செல்லும் என்பதால் சட்டகத்தின் ஓரங்களையும் கவனிக்க வேண்டும்.

மாணவரோடு தொடர்புள்ள இடம்

ஓர் இடம் மாணவரின் வாழ்வோடு தொடர்புடையதாக இருந்தால் படத்தின் மதிப்பு கூடும். ஓட்டப் பந்தய வீரருக்குப் பள்ளியின் ஓடுதளம், விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சொந்த வயலும் களஞ்சியமும், புத்தகப் பிரியருக்கு நூலகத்தின் படிக்கட்டு என்று அமையலாம். பழகிய இடத்தில் உடல் தானாகவே தளரும் என்பது இதில் கூடுதல் நன்மை.

பருவத்தின் அடையாளங்களும் இடத்தேர்வில் பங்கு பெறுகின்றன. வடகிழக்கு மாநிலங்களில் செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் வரை மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும் காலம் பெரிதும் விரும்பப்படுகிறது. டெக்சஸ் மாநிலத்தின் மலரான புளூபோனெட் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பூப்பதால், அங்கு இறுதி ஆண்டின் வசந்தத்தில் அம்மலர்களிடையே படம் எடுத்துக்கொள்வோர் பலர்.

தோரணை

தோரணை, அதாவது போஸ், கீழிருந்து மேலாக அமைக்கப்படுகிறது. முதலில் பாதம், பிறகு இடுப்பு, தோள், கை, கடைசியாகத் தலை. முகத்தில் தொடங்கினால் கால் நகரும்போது எல்லாம் மாறிவிடும்.

கால்களும் எடையும்

இரு கால்களிலும் சம எடையுடன் கேமராவை நேராகப் பார்த்து நிற்கும்போது உடல் மிக அகலமாகவும் விறைப்பாகவும் தெரியும். எடையைப் பின்காலுக்கு மாற்றி, முன்காலின் முழங்காலைச் சற்றுத் தளர்த்தினால் இடுப்பும் தோளும் எதிரெதிர்ச் சாய்வு பெற்று உடலில் இயல்பான வளைவு தோன்றும். இந்த உத்தி பழமையானது. சுமார் கி.மு. 480ஐச் சேர்ந்த, ஏதென்சு அக்ரோபோலிசில் கிடைத்த கிரிட்டியோசு சிறுவன் சிலையிலேயே எடை ஒரு காலுக்கு மாற்றப்பட்டிருப்பதைக் காணலாம்.

தோள்கள்

உடலை ஒளி வரும் திசையிலிருந்து சற்றே திருப்பி, முகத்தை மட்டும் ஒளியை நோக்கிக் கொண்டுவருவது பொதுவான முறை. சுமார் 30 முதல் 45 பாகை வரை திரும்பினால் உடல் ஒடுங்கித் தெரியும். அகன்ற தோளைக் காட்ட விரும்பும் விளையாட்டு வீரர் நேராக நிற்பதே பொருத்தம். 'அழகான தோரணை' என்று ஒன்றே எல்லோருக்கும் இல்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கைகள்

கைகளை என்ன செய்வது என்பதே பெரும்பாலான மாணவர்களின் முதல் கேள்வி. உடலோடு ஒட்டி அழுத்திய கை அகன்று தெரியும். உடலுக்கும் கைக்கும் இடையே சிறு இடைவெளி விட்டால் இடுப்பின் வடிவம் தெரியும். கைக்கு ஒரு வேலை கொடுப்பது எளிய தீர்வு. கட்டைவிரலை வெளியே விட்டுச் சட்டைப்பையில் கையை வைத்தல், கோட்டின் விளிம்பைப் பிடித்தல், வேலியில் மெதுவாகச் சாய்தல், முடியை ஒதுக்குதல் போன்றவை வழக்கமானவை. புறங்கையோ உள்ளங்கையோ முழுமையாகக் கேமராவை நோக்கினால் கை பெரிதாகத் தெரியும்; கையின் ஓரப்பக்கத்தைக் காட்டுவது நல்லது. கன்னத்தில் கை வைக்கும்போது தொடுவது போல் வைக்க வேண்டும். அழுத்தினால் கன்னம் பிதுங்கும்.

மோவாய்

மோவாயைப் பின்னுக்கு இழுத்தால் ஒல்லியானவருக்கும் இரட்டைத் தாடை தோன்றும். நெற்றியைக் கேமராவை நோக்கிச் சற்று முன்னே கொண்டுவந்து மோவாயை இலேசாகத் தாழ்த்தினால் தாடைக்கோடு தெளிவாகும். செய்பவருக்கு இது செயற்கையாகத் தோன்றும். படத்தில் அப்படித் தெரியாது. எடுத்த படத்தைக் கேமராவின் திரையில் ஒருமுறை காட்டிவிட்டால் மாணவருக்கு நம்பிக்கை வரும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர் தலையைச் சற்றுத் தாழ்த்தியோ திருப்பியோ வைத்தால் கண்ணாடியில் வானம் பிரதிபலிப்பது குறையும். எப்போதும் கண்ணாடி அணிபவரை அதைக் கழற்றச் சொல்வதைவிட, அணிந்தபடியே எடுப்பது அவரை உண்மையாகக் காட்டும்.

அமர்தல், சாய்தல், நடத்தல்

உயரமான மாணவரைப் படிக்கட்டில் அமரவைத்தால் நீண்ட கால்களும் சட்டகத்துக்குள் அழகாக அடங்கும். அமர்பவர் இருக்கையின் முன்விளிம்பில் அமர்ந்து, முதுகை நிமிர்த்திச் சற்று முன்னே சாய்வது வழக்கம். முழங்கால் நேராகக் கேமராவை நோக்கினால் தொடை குறுகிக் கால் விசித்திரமாகத் தெரியும் என்பதால் பக்கவாட்டில் திரும்பி அமர வேண்டும். சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாணவரை எடுக்கும்போது கேமராவை அவரது கண்மட்டத்துக்குத் தாழ்த்த வேண்டும்; சமதளப் பாதையும் அருகிலேயே வாகன நிறுத்தமும் உள்ள இடத்தை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

மிகவும் கூச்சப்படுபவருக்கு நிற்கும் தோரணையைவிட அசைவே உதவும். பத்தடி தூரம் மெதுவாக நடந்து வரச் சொல்லி, நடுவில் வேறு பக்கம் பார்க்கச் சொல்லி, தொடர்ந்து படங்கள் எடுத்தால் விறைப்பு நீங்கும்.

முகபாவம்

'சிரி' என்று சொன்னால் வரும் சிரிப்பில் உதடு மட்டுமே அசையும். உண்மையான சிரிப்பில் கன்னம் உயர்ந்து கண்ணின் ஓரமும் சுருங்கும். பேச்சுக் கொடுத்து, சிரித்து முடிக்கும் அந்த நொடியில் எடுப்பதே பயனுள்ளது. வெளிச்சத்தில் கண் கூசுபவர் கண்களை மூடிக்கொண்டு, மூன்று எண்ணியவுடன் திறந்தால் கண் சுருங்காத ஒரு கணம் கிடைக்கும். சிரிக்காத, அமைதியான முகத்தையும் சில படங்களில் பதிவுசெய்ய வேண்டும். பெற்றோர் விரும்பும் படமும் மாணவர் விரும்பும் படமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

உடலைத் தொட்டுத் தோரணையைத் திருத்துவதைத் தவிர்க்க வேண்டும். ஒளிப்படக்கலைஞர் தாமே அத்தோரணையில் நின்று காட்டினால் மாணவர் கண்ணாடியில் பார்ப்பது போல அதைப் பின்பற்றுவார். தொடுவது தேவையானால் கேட்டு, ஒப்புதல் பெற்ற பிறகே தொட வேண்டும்.

கேமராவின் தூரமும் உயரமும்

முகம் எப்படித் தெரிகிறது என்பதை லென்ஸைவிடத் தூரமே தீர்மானிக்கிறது. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும்; மூக்கு காதைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு பெரிதாக்கிக் காட்டப்படும். கேமராவை 2 மீட்டர் தூரத்துக்குக் கொண்டுசென்றால் இந்த வேறுபாடு 1.06 மடங்காகக் குறைந்துவிடும். கைபேசியை அருகில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவதன் காரணம் இதுவே.

ஆகவே இரண்டு மீட்டரோ அதற்கு மேலோ விலகி நின்று, நீண்ட குவியத்தூரம் கொண்ட லென்ஸால் எடுப்பது வழக்கம். 24 × 36 மி.மீ. அளவுள்ள உணரியைக் கொண்ட கேமராவில் 85 முதல் 135 மி.மீ. வரையிலான லென்ஸ்கள் இதற்குப் பயன்படுகின்றன. கைபேசியில் எடுப்பவர் அருகில் செல்லாமல், 2 மடங்கு அல்லது 3 மடங்கு டெலி லென்ஸ் இருந்தால் அதைத் தேர்ந்து பின்னோக்கி நகர வேண்டும். ஒருவரே இருக்கும் படத்துக்கு எஃப்/2.8 முதல் எஃப்/4 வரையிலான துளையும், 1/250 நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகமும் நல்ல தொடக்க அளவுகள். குவியம் எப்போதும் கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் இருக்க வேண்டும்.

மார்பளவுப் படத்தில் கேமரா கண்மட்டத்திலோ சற்று மேலோ இருப்பது பொருந்தும். முழு உருவப் படத்தில் மார்பு அல்லது இடுப்பு உயரத்துக்குத் தாழ்த்தினால் கால்கள் குறுகாமல் தெரியும். சட்டகத்தின் விளிம்பு முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு போன்ற மூட்டுகளில் வெட்டாமல், தொடையின் நடு, இடுப்பு போன்ற இடங்களில் முடிய வேண்டும்.

தோல் நிறமும் வெளிச்ச அளவும்

கேமராவின் ஒளியளவி, காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்னும் அனுமானத்தில் இயங்குகிறது. கருநிறத் தோல் கொண்டவர் வெளிச்சமான வானத்துக்கு முன் நின்றால் அவரது முகம் மேலும் இருண்டு, நுட்பங்கள் மறைந்துபோகும். வெளிர்நிறத் தோல் கொண்டவர் இருண்ட மரங்களுக்கு முன் நின்றால் முகம் வெளுத்துப்போகும். முகத்தின் மேல் மட்டும் வெளிச்சத்தை அளந்து, அதற்கேற்ப அளவைக் கையால் அமைப்பதே சரியான முறை.

வண்ண ஃபிலிம் காலத்தில் அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய 'ஷெர்லி அட்டை'களில் வெள்ளைத் தோல் கொண்ட பெண்களின் படங்களே நெடுங்காலம் இடம்பெற்றன. அதனால் கருநிறத் தோலின் சாயல்கள் அச்சில் சரியாகப் பதிவாகவில்லை என்பது புகைப்பட வரலாற்றில் விரிவாகப் பேசப்பட்ட குறை. இன்றைய கேமராக்களில் இதற்குத் தொழில்நுட்பக் காரணம் இல்லை. கருநிறத் தோலுக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் அகன்ற, மென்மையான ஒளி மிகவும் ஏற்றது. கன்னத்திலும் நெற்றியிலும் விழும் மினுமினுப்பே முகத்தின் வடிவத்தைக் காட்டுகிறது. தோலைச் செயற்கையாக வெளுப்பாக்குவது திருத்தம் ஆகாது.

உடையும் பொருட்களும்

அழுத்தமான ஒற்றை நிற உடைகள் முகத்தை முன்னிறுத்துகின்றன. நெருக்கமான மெல்லிய கோடுகள் டிஜிட்டல் படத்தில் அலையலையான கோலத்தை உண்டாக்கலாம். பெரிய எழுத்துகள் பார்வையைக் கவர்ந்துவிடும். பள்ளி விளையாட்டு அணியின் லெட்டர்மன் ஜாக்கெட், இசைக் கருவி, விளையாட்டுப் பொருள், செல்லப் பிராணி ஆகியவை பரவலாக இடம்பெறுகின்றன.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுள் சிலர் ஒரு மாற்று உடையாகப் புடவை, பாவாடை தாவணி அல்லது வேட்டி அணிந்து எடுத்துக்கொள்கின்றனர். புடவைக்கு முன்கொசுவம் கலையாத வகையில் நின்ற அல்லது மெதுவாக நடக்கும் தோரணை ஏற்றது. முந்தானை காற்று வீசும் திசையிலேயே பறக்கும்படி நின்றால் அது முகத்தின் மேல் விழாது. ஈரமான புல்லில் கரை நனைந்துவிடும் என்பதால் கல்தரையோ படிக்கட்டோ பாதுகாப்பானது.

பாதுகாப்பும் அனுமதியும்

இருப்புப் பாதையின் நடுவே நின்று எடுக்கும் படம் சீனியர் உருவப்படங்களில் நெடுநாள் புழங்கிவரும் காட்சி. தூரத்தில் ஒன்றுசேரும் இரு தண்டவாளங்களும் வாழ்க்கைப் பயணத்தைக் குறிப்பதாகப் பலர் கருதுகின்றனர். ஆனால் அமெரிக்காவில் இருப்புப் பாதையும் அதை ஒட்டிய நிலமும் தனியார் அல்லது அரசு நிறுவனங்களின் சொத்து. அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். அது உயிருக்கும் ஆபத்தானது. மணிக்கு 55 மைல் வேகத்தில் வரும் நீண்ட சரக்கு ரயில் முழுமையாக நிற்க ஒரு மைலுக்கு மேல், அதாவது 1.6 கி.மீ.க்கு மேல், தேவைப்படலாம். ஓட்டுநர் ஆளைக் கண்டு பிரேக் போட்டாலும் பயனில்லை. ரயில் பெட்டி தண்டவாளத்தைவிட அகலமானது என்பதால் பாதையின் ஓரத்தில் நிற்பதும் ஆபத்தே. எதிரிலிருந்து நெருங்கும் ரயிலின் ஓசை நினைப்பதைவிட மிகத் தாமதமாகவே கேட்கும். 1972இல் ஐடஹோ மாநிலத்தில் தொடங்கிய 'ஆபரேஷன் லைஃப்சேவர்' என்னும் ரயில் பாதுகாப்பு இயக்கம், தண்டவாளத்தில் படம் எடுக்க வேண்டாம் என்று ஒளிப்படக்கலைஞர்களைத் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. பயன்பாட்டில் இல்லாதது போலத் தெரியும் பாதையும் பயன்பாட்டில் இருக்கலாம். ஒன்றுசேரும் கோடுகளே தேவையானால் மரங்கள் வரிசையாக நிற்கும் நடைபாதை, மரப் படகுத்துறை, நடைமேம்பாலம் ஆகியவை அதே தோற்றத்தைத் தரும்.

நெடுஞ்சாலை ஓர மலர்வெளிகளிலும் கவனம் தேவை. வேகமாகச் செல்லும் வாகனங்களும், செடிகளுக்குள் இருக்கக்கூடிய பாம்புகளும் இடர்களாகும். கலிபோர்னியாவின் லேக் எல்சினோர் நகரை அடுத்த வாக்கர் கேன்யனில் 2019 மார்ச்சில் பாப்பி மலர்களைக் காணவும் படமெடுக்கவும் திரண்ட கூட்டத்தால் சாலைகள் திணறின, செடிகள் மிதிபட்டன. ஏற்கெனவே உள்ள பாதையில் நின்று, மலர்களைக் கேமராவுக்கு முன்னும் மாணவருக்குப் பின்னும் வருமாறு சட்டகம் அமைத்தால், செடிகளை மிதிக்காமலேயே மலர்களின் நடுவே நிற்பது போன்ற தோற்றம் கிடைக்கும்.

நகரப் பூங்காக்கள், தாவரவியல் தோட்டங்கள், பல்கலைக்கழக வளாகங்கள் பலவும் தொழில்முறைப் படப்பிடிப்புக்கு முன்அனுமதியோ கட்டணமோ கேட்கின்றன. தனியார் வயலில் நுழைய உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். மாணவர் பெரும்பாலும் 18 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் படங்களை விளம்பரத்திலோ சமூக ஊடகத்திலோ வெளியிடும் முன் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறுவது நடைமுறை. அமெரிக்கச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது படத்தின் பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கே உரியது. இயர்புக்கில் அச்சிடவும் படிகள் எடுக்கவும் என்னென்ன உரிமைகள் கிடைக்கின்றன என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

திருத்தம்

எடுத்த படத்தைக் கணினியில் செம்மைப்படுத்துவது வழக்கமான பணியே. இரண்டு வாரத்தில் மறைந்துவிடும் முகப்பருவை நீக்குவதை அநேகமாக யாரும் குறையாகக் கருதுவதில்லை. மச்சம், தழும்பு, பிறவிக் குறி போன்று நிலையாக இருப்பவற்றை மாணவர் கேட்டாலொழிய நீக்கக் கூடாது என்பது பல ஒளிப்படக்கலைஞர்கள் பின்பற்றும் நெறி. முகத்தை ஒடுக்குவதும் உடலை மெலிதாக்குவதும் வேறு வகையைச் சேர்ந்தவை. தன் உண்மையான உடல் போதாது என்ற செய்தியை அவை மாணவருக்குத் தருகின்றன. நல்ல ஒளியும், சரியான தூரமும், தளர்ந்த தோரணையும் அமைந்த படத்தில் இவற்றுக்குத் தேவை ஏற்படுவது அரிது.

படப்பிடிப்புக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

• இயர்புக்கின் விதிகளும் கடைசி நாளும் தெரியுமா?
• தேர்ந்த இடத்தை, படம் எடுக்கப்போகும் அதே நேரத்தில் ஒருமுறையேனும் பார்த்தாயிற்றா?
• அன்றைய சூரிய மறைவு நேரமும், மழை வந்தால் மாற்று நாளும் குறிக்கப்பட்டுள்ளனவா?
• இடத்துக்கு அனுமதி பெறப்பட்டதா?
• உடை மாற்ற அருகில் பாதுகாப்பான இடம் உள்ளதா?
• தனக்குப் பிடித்தவை, பிடிக்காதவை எவை என்று மாணவரிடமே கேட்கப்பட்டதா?

இவற்றுள் கடைசிக் கேள்வியே பெரும்பாலும் விடுபடுகிறது. பெற்றோர் இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர், ஒளிப்படக்கலைஞர் தோரணையைத் தேர்ந்தெடுக்கிறார். படத்தில் இருக்கப்போகிறவரின் விருப்பத்தை முதலில் கேட்டு, அதற்கேற்ப ஒளியையும் இடத்தையும் அமைக்கும்போது, அவர் பின்னாளில் மறைத்துவைக்க விரும்பாத படம் கிடைக்கிறது.